கம்பவுண்டரின் வலது தொடை

கம்பவுண்டரின் வலது தொடையை மரத்துப்போகச் செய்வது என்று தையல்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கோபத்தில் எடுத்த முடிவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோபம், கத்தல், தெருவில் நின்று நாலு பேரிடம் நியாயம் கேட்டது எல்லாம் ஏழு மாதத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தன. இது நிதானமாக, கை கழுவித் துடைத்துக்கொண்டு எடுத்த முடிவு.

ஏழு மாதத்துக்கு முன் தையல்காரருக்கு முதுகில் பிடித்துக்கொண்டது. கடைக்கு நேர் எதிரே கம்பவுண்டரின் அறை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்று, கலர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே அறை எடுத்து, மேசை போட்டு, ஊசி போட ஆரம்பித்துவிட்டார். தலைவலிக்கு ஊசி, தூக்கம் வராததற்கு ஊசி, தூக்கம் அதிகம் வந்தால் அதற்கும் ஊசி. இருமலோடு வந்த ஒருவருக்கு அவர் போட்ட ஊசியில், துணைக்கு வந்து வாசலில் நின்றவருக்கும் இருமல் நின்றுவிட்டதாகத் தெருவில் சொல்வார்கள். வாசலில் நின்றவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தையல்காரர் போனபோது உள்ளே படுக்க இடமில்லை. படுக்கையில் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார் கம்பவுண்டர். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சிமெண்ட் லாரி வழியை அடைத்து நின்றது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி லாரிக்காரரிடம் பின்னால் போகச் சொல்லிக்கொண்டே ஊசியை இறக்கினார். லாரி பின்னால் போனது. தையல்காரருக்கு இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் யாரோ கரண்டுக் கம்பியை உருவிவிட்டதுபோல் இருந்தது. கால் தானாகத் துள்ளி, கீழே இருந்த வாளியைத் தட்டிவிட்டது.

"ஆடாதீங்க டெய்லரே" என்று சொல்லிவிட்டு, கம்பவுண்டர் மிச்சமிருந்த மருந்தையும் உள்ளே தள்ளினார்.

குத்தியதைக்கூடத் தையல்காரர் மன்னித்திருப்பார். மனிதன் கை, தவறத்தான் செய்யும். அவரே எத்தனையோ சட்டையில் கழுத்தைப் பிசகி வெட்டியிருக்கிறார். அந்த மிச்ச மருந்தைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் வலது பாதம் தொங்கிப்போனது. பாதத்தைத் தூக்கு என்று மூளை சொல்லும்; அது வேறு யாருக்கோ சொன்னது என்பதுபோல் பாதம் இருந்துவிடும். நடந்தால் முழங்காலை உயரத் தூக்கி, இல்லாத படியில் ஏறுகிறவர்போல் ஏறி, பாதத்தைத் தரையில் அறைந்து வைக்க வேண்டும். மிஷின் மிதிக்கக் குதிகாலும் விரலும் மாறி மாறி இறங்க வேண்டுமே, அது நடக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஓடிய மிஷினில் அவர் மனைவி உட்கார்ந்தாள். வெட்டுவது, காஜா எடுப்பது, பித்தான் வைப்பது, இஸ்திரி போடுவது என்று கைவேலை மட்டும் அவருக்கு மிஞ்சியது.

கம்பவுண்டர் சும்மா இருக்கவில்லை. வருகிற போகிறவர்களிடமெல்லாம் டெய்லரின் கால் தேய்ந்துவிட்டது என்றார். நாள் முழுக்க மிதித்தால் இரும்பே தேயும், கால் எம்மாத்திரம் என்றார். ஊசியால் வந்திருக்குமோ என்று ஒருவர் கேட்டபோது சிரித்துவிட்டாராம். "நரம்புன்னா என்னன்னு நினைச்சீங்க? கப்பல் கட்டுற வடம். ஊசி பட்டா ஊசிதான் வளையும்."

தெரு நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? ஆளுக்கு ஒரு தடவையாவது அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். வடம் இல்லை, நூல்தான் என்று ஒப்புக்கொண்டால் அவரவர் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும்.

மனைவியும் நம்பினாள். அதுதான் ஊசியைவிட ஆழமாக இறங்கியது. "நாள் பூரா ஒரே காலை ஆட்டிக்கிட்டே இருந்தா அது எத்தனை வருஷம் தாங்கும்? நான் ஏழு மாசம்தான் மிதிச்சிருக்கேன், எனக்கே விண்ணு விண்ணுங்குது" என்றாள், சோற்றைப் போட்டுக்கொண்டே. கம்பவுண்டர் மேல் பழி போடுவது பாவம், வயசான மனுஷர் என்றும் சொன்னாள். தையல்காரர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கால் திரும்பி வருகிறதோ இல்லையோ, கம்பவுண்டர் ஒரு நாள் தன் வாயால், இவள் காது கேட்க, உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் அண்ணன் வருவார். மருத்துவக் கல்லூரியில் பிணம் அறுத்துப் படிக்கிற கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. தொட்டியிலிருந்து கையையோ காலையோ எடுத்து, துடைத்து, மேசையில் வைத்து, பாடம் முடிந்ததும் திரும்பத் தொட்டியில் போட வேண்டும். நாடு முழுக்க இருக்கிற டாக்டர்களில் பாதிப் பேருக்குக் காலை அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர்தான். மூன்று சோப்பு மாற்றிக் குளித்தாலும் அந்த மருந்து நாற்றம் போகாது. தங்கச்சியே அவருக்குத் தனித் தட்டு வைத்திருந்தாள். அவர் மட்டும்தான் தையல்காரரை நம்பினார். செத்த காலைப் பார்க்கிறவருக்கு உயிருள்ள காலைப் பற்றி என்ன தெரியும் என்று தங்கச்சி அதையும் தள்ளிவிட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். பாதத்தின் மேல் விரலை வைத்துத் துடிப்பைத் தேடிப் பிடித்தார். "மாப்பிள்ளை, கால்ல தண்ணி லைன் வேற, கரண்ட் லைன் வேற. உங்களுக்குத் தண்ணி லைன் ஒழுங்கா ஓடுது. கரண்ட்டுதான் போச்சு." பிறகு தையல்காரரின் சாக் கட்டியை வாங்கி, துணியில் குறிப்பதுபோல் அவர் காலிலேயே கோடு போட்டுக் காட்டினார். இடுப்புக்குப் பின்னால் பெரிய தசைக்கு அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு நரம்பு கிளம்புகிறது. தொடையின் பின்பக்கம் இறங்கி, முழங்காலுக்கு மேலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகக் கெண்டைக்கால் தசைக்குப் போகிறது. இன்னொன்று முழங்காலுக்கு வெளியே எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, பாதத்தைத் தூக்குகிற தசைகளுக்குப் போகிறது. "பின்பக்கத்துல ஒரு பாதியை நாலா மடிச்சுக்கோங்க. மேல் வெளி மூலைலதான் குத்தணும். அந்தாளு கீழ் உள் மூலைல குத்திட்டான்."

நாலாக மடிப்பது தையல்காரருக்கு உடனே புரிந்தது. கத்துக்குட்டிகூட அந்த மூலையில் கத்தரி வைக்க மாட்டான்.

செத்த நரம்பு திரும்ப முளைக்கும், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்றும் மச்சான் சொன்னார். தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, ஊசி இறங்கிய இடத்திலிருந்து முன்கால் தசை வரை தானே அளந்து பார்த்தார். இருபத்தாறு அங்குலம். அடிக்கடி அளந்து பார்ப்பார், ஒருவேளை சுருங்கியிருந்தால் என்று. சுருங்கவில்லை.

அவரைத் தேற்றுவதற்காக மச்சான் இன்னொன்றும் சொன்னார். இடுப்பிலிருந்து முழங்காலின் உள்பக்கம் வரை குறுக்கே ஓடுகிற ஒரு தசைக்குத் தையல்காரர் தசை என்றே பேராம். உடம்பிலேயே நீளமான தசை. அந்தக் காலத்துத் தையல்காரர்கள் சம்மணம் போட்டுத் தைத்ததால் வந்த பெயர்.

"கம்பவுண்டர் பேர்ல ஏதாவது இருக்கா மச்சான்?"

மச்சான் யோசித்தார். இருபத்தாறு வருஷத்தில் எடுத்துப்போட்ட கால்களையெல்லாம் மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். "இல்ல மாப்பிள்ளை. ரெண்டு கால்லயும் கிடையாது."

தையல்காரர் அன்று கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்.

அப்படிப் பேச்சோடு பேச்சாக வந்ததுதான் போலீஸ்காரர்களின் கதை. இடுப்பு எலும்பின் முன்முனைக்கு உள்பக்கமாக, பொட்டலம் கட்டுகிற சணல் தடிமனுக்கு ஒரு பொடி நரம்பு இறங்குகிறது. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது மட்டும்தான் அதற்கு வேலை. பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட்டை இறுக்கிப் போடுகிற போலீஸ்காரர்களுக்கு அது நசுங்கித் தொடை எரியும், பிறகு மரத்துப்போகும். தளர்த்திவிட்டால் சில வாரத்தில் சரியாகிவிடும். தையல்காரர் எந்த இடம் என்று மட்டும் கேட்டார். மச்சான் தொட்டுக் காட்டினார். அது பேன்ட்டின் இடுப்புப் பட்டி வந்து உட்காருகிற இடம்.

மறுநாள் கழித்துச் செவ்வாய்.

கம்பவுண்டருக்கு வெள்ளைப் பேன்ட் மட்டும்தான். மூன்று வைத்திருந்தார், இரண்டு மாற்றி மாற்றிப் போட, ஒன்று விசேஷங்களுக்கு. மூன்றும் இந்தக் கடையில் தைத்தவை. இஸ்திரிக்கும் இங்கேதான் வரும். இன்னொன்றும் இருந்தது: கம்பவுண்டரின் இடுப்பு முப்பத்துநாலு. பதினைந்து வருஷமாக முப்பத்துநாலு. டேப் முப்பத்தெட்டு காட்டினால் டேப்பைத்தான் மாற்றச் சொல்வார். மூச்சை இழுத்துப் பிடித்துப் பித்தான் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்து, சரியாக இருக்கிறது என்பார். இறுக்கமாக இருக்கிறது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

மனைவி மதியம் உலை வைக்க உள்ளே போகிற நேரத்தில் தையல்காரர் இடுப்புப் பட்டியின் வலது உள்பக்கத் தையலைப் பிரித்தார். காலர் விறைப்பாக நிற்க வைக்கிற பக்ரம் துணியில் ஒரு துண்டை வெட்டி, மடித்து, உள்ளே வைத்துக் கைத்தையல் போட்டு மூடினார். அடுத்த வாரம் இன்னொரு மடிப்பு. மூன்று பேன்ட்டுக்கும் ஒரே அளவு, பாரபட்சம் இல்லாமல். கையை நீட்டித் தடவிப் பார்த்தாலும் தெரியாது. அப்படி ஒரு தையல். அவருடைய ஆயுசிலேயே ஆகச் சிறந்த வேலை அதுதான். யாரிடமும் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் மட்டும் இருந்தது.

எட்டாவது மடிப்பில் கம்பவுண்டர் தொடையைத் தேய்த்துக்கொண்டே தெருவைக் கடக்க ஆரம்பித்தார். வெளிப்பக்கம் எரிகிறது என்று யாரிடமோ சொல்வது கேட்டது. தையல்காரர் ஒரு சட்டைக்கு ஏழு பித்தானுக்குப் பதில் எட்டுப் பித்தான் வைத்துவிட்டார், சந்தோஷத்தில். ஒரு மாதத்தில் எரிச்சல் போய் மரத்துவிட்டது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் தொடையில் கொட்டியும் தெரியாமல் கம்பவுண்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைத் தையல்காரர் தன் கண்ணால், கடையிலிருந்தபடியே பார்த்தார்.

பயப்படுவார், பெரிய டாக்டரிடம் ஓடுவார், நரம்பு எவ்வளவு லேசானது என்று அங்கே சொல்லிக் கொடுப்பார்கள், அழுதுகொண்டே திரும்பி வருவார் என்றெல்லாம் தையல்காரர் கணக்குப் போட்டிருந்தார். நடந்தது வேறு.

மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கக் காய்ச்சல். எதிர் அறையில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அடுத்த தெருவிலிருந்தும், அதற்கடுத்த தெருவிலிருந்தும் குடையோடு வந்தார்கள். ஒரு சனிக்கிழமை கம்பவுண்டரின் பேன்ட்டை இஸ்திரி மேசையில் விரித்த தையல்காரர் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டார். வலது தொடையின் வெளிப்பக்கம் பொடிப் பொடியாக ஓட்டைகள். சிலதைச் சுற்றி மிளகு அளவுக்கு ரத்தக் கறை. எண்ணினார். நாற்பத்துமூன்று. தையல் ஊசி போட்ட ஓட்டை இல்லை. அது அவருக்குத் தெரியாதா?

மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். கம்பவுண்டருக்குக் கை அப்படி வந்துவிட்டதாம். குத்துவதே தெரியாதாம். நம்பாமல் முகம் சுளிக்கிறவர்களுக்கு, வெறும் ஊசியை எடுத்துத் தன் தொடையிலேயே பேன்ட்டோடு சேர்த்துக் குத்திக் காட்டுகிறாராம். கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை. குத்தின ஊசி தொடையில் நிற்கும்போதே மழையைப் பற்றிப் பேசுகிறாராம். அதைப் பார்ப்பதற்கென்றே காய்ச்சல் இல்லாதவர்கள்கூட வந்து, பார்த்த மரியாதைக்கு ஓர் ஊசி போட்டுக்கொண்டு போகிறார்கள்.

தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். சொந்த வேலையை, சொந்தச் செலவில் பக்ரம் வாங்கி, மடிப்பு மடிப்பாக உட்கார்ந்து செய்து, எதிரிக்குக் கைராசிக்காரன் என்று பேர் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அதோடு நிற்கவில்லை. "முதுகு வலி தாங்கல. வியாழக்கிழமை நானும் ஒண்ணு போட்டுக்கலாம்னு இருக்கேன். கூட்டம் கொஞ்சம் குறையட்டும்" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றார். ஏன் என்றாள். அவருக்கு வந்த பதிலை அவள் பத்துப் பதினொரு மாதமாகக் கேட்டுச் சலித்திருந்தாள், இப்போதும் சலித்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்த மேசையும், அதைப் பிடித்துக்கொண்டு இவள் நிற்பதும், நாலாக மடித்த துணியின் தப்பான மூலையும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சானை வாசலுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் சிரித்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுத்தத்தை எடுத்தால் உணர்ச்சி எத்தனை நாளில் வரும் என்று தையல்காரர் கேட்டார். மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் மச்சான். "வரும்போது சும்மா வராது மாப்பிள்ளை. ரெண்டு பங்கா வரும்."

அன்றைக்கே, இஸ்திரிக்கு வந்திருந்த இரண்டு பேன்ட்டிலும் பக்ரத்தை உருவினார். போதாததற்கு இடுப்பையும் சத்தமில்லாமல் மூன்று அங்குலம் விட்டுக் கொடுத்தார். மனைவியைத் தடுத்து வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவள் முதுகைப் பிடித்துவிட்டார். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மிஷினில் தானே உட்கார்ந்து இடது காலால் மிதித்துத் தைத்தார். அந்த வாரம் தைத்த சட்டைகளுக்கெல்லாம் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இதற்கு முன் இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் இத்தனை அன்பாக இருந்ததில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று அண்ணனிடம் விசாரித்தாள்.

கம்பவுண்டர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, தான் இளைத்துவிட்டதாக நாலு பேரிடம் சொன்னார். பேர் பரவிவிட்டதில் முகம் சுளிக்கிறவர்கள் குறைந்துபோய், பல நாளாகக் குத்திக் காட்ட வேண்டிய வேலையே அவருக்கு வரவில்லை.

நாலாவது வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணி. சொல்லாமல் கொள்ளாமல் மனைவி போய் வரிசையில் நின்றுவிட்டாள். தையல்காரர் முழங்காலைத் தூக்கித் தூக்கித் தெருவைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது அவள் மேசைக்கு அருகில், மூன்றாவது ஆளாக இருந்தாள். முதல் ஆள் ஒரு மீன்காரம்மா. ஊசி என்றால் பயம் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கம்பவுண்டர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். கூட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வெறும் ஊசியை எடுத்துக் காற்றில் உயர்த்தி, இத்தனை நாள் பழக்கத்தில் வந்த தைரியத்தோடு, அடிவரைக்கும் தன் தொடையில் இறக்கினார்.

அந்தக் கத்தலை எப்படிச் சொல்வது? பக்கத்துத் தெருவில் ஒரு முடிதிருத்துகிறவர் வாடிக்கையாளர் ஒருவரின் மீசையில் பாதியை எடுத்துவிட்டார். அவர் மிச்சப் பாதியோடு வெகுநாள் திரிந்தார். மீன்காரம்மா போன திசை தெரியவில்லை. நாற்பது குடைகள் ஒரே நேரத்தில் விரிந்தன. கம்பவுண்டர் ஒற்றைக் காலில் அறையைச் சுற்றி வந்து, மருந்துப் பெட்டிகளின் மேல் விழுந்தார். ஐந்து நிமிஷத்தில் வாசலில் மழையைத் தவிர யாருமில்லை.

மனைவி ஊசி போட்டுக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டர் வந்தார். மச்சான் தன் தனித் தட்டில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு தலையணை உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டரின் கையில் அந்த மூன்றாவது பேன்ட், விசேஷத்துக்கு வைத்திருந்தது. இடுப்புப் பட்டி கத்தியால் கிழிக்கப்பட்டு, உள்ளேயிருந்து பக்ரம் எட்டிப் பார்த்தது. தையல்காரர் உருவ மறந்தது அது ஒன்றுதான்.

"யோவ். என்னய்யா இது?"

"பக்ரம்" என்றார் தையல்காரர்.

"எனக்குத் தெரியும்யா பக்ரம்னு. நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தேன், தொடை திரும்ப எரியுது. நீதான் செஞ்சிருக்க. அஞ்சு மாசம் என் காலைக் கெடுத்து வச்சிருக்க நீ."

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார். "துணி சார் அது. துணி பட்டா கால் கெட்டுப்போகுமா? உங்களுக்குத் தேஞ்சிருக்கும். நாள் பூரா நிக்கிறீங்க."

"தேயறதாவது. நரம்புய்யா. அங்க ஒரு நரம்பு போகுது. லேசா அழுத்தினாலே போதும், செத்துப்போகும்."

"நரம்பா? அது கப்பல் கட்டுற வடம்னு தெரு பூரா சொன்னாங்களே."

"வடமா? நூல் மாதிரிய்யா இருக்கும். எந்த மடையன் சொன்னான் வடம்னு? முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவன் நான். துணி அழுத்தினதுக்கே இந்தப் பாடு. இதுல நேரா ஊசியை இறக்கி, மருந்தையும் உள்ள விட்டா என்ன ஆகும்னு..."

நிறுத்திக்கொண்டார். மிஷினும் நின்றது.

மனைவி திரும்பவில்லை. துணியின் மேல் கையை வைத்தபடியே கேட்டாள். "என்ன ஆகும் கம்பவுண்டர் சார்?"

வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. கம்பவுண்டர் தையல்காரரின் காலைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அவர் ஆடிட்டாரும்மா" என்றார். "ஊசி இறங்கும்போது கால் துள்ளிச்சு."

"நரம்புல பட்டாத்தான் துள்ளும்" என்றார் மச்சான், முட்டையைப் பார்த்துக்கொண்டே. "துள்ளினா உருவிடணும். உங்களுக்குத் தெரியாததா?"

கம்பவுண்டர் கையிலிருந்த பேன்ட்டை இஸ்திரி மேசையில் வைத்தார். பிறகு, தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல், இஸ்திரி மேசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் போனார். பேன்ட் மேசையிலேயே கிடந்தது.

மனைவி எழுந்து வந்தாள். கிழிந்த பட்டிக்குள் இரண்டு விரலை விட்டு பக்ரத்தை உருவி எடுத்தாள். வளைத்துப் பார்த்தாள், கைத்தையலின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாக் கட்டியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"எத்தனை மடிப்பு?"

"எட்டு."

"உள்ள ஒரு முழம் பக்ரம் சும்மாதானே கிடக்கு" என்றாள். "பதினாறு வச்சிருக்கலாம்."